இடப்பக்கத் திருப்பம்: ரோமானியத் தேர்ப்பந்தயத்தைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

பண்டைய உலகின் ஆபத்தான விளையாட்டு என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கொலோசியமும் வாள்வீரர்களும்தான். கொலோசியத்தில் சுமார் 50,000 பேர் அமரலாம். அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில், பலட்டைன், அவென்டைன் குன்றுகளுக்கு இடையே கிடந்த சர்க்கஸ் மாக்சிமஸ் என்ற தேர்ப்பந்தயக் களத்தில் குறைத்து மதிப்பிட்டாலே 1,50,000 பேர் கூடினார்கள். ரோமானிய எழுத்தாளர் பிளினி 2,50,000 என்கிறார். ரோமானியர்களின் உண்மையான பைத்தியம் தேர்ப்பந்தயம்தான்.

இதைப் படிக்கத் தொடங்குபவர்கள் பேரரசர்கள், பச்சை அணி, நீல அணி, கலவரம் என்று ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிடுகிறார்கள். அதெல்லாம் பிறகு. ஓட்டம் எப்படி நடந்தது என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான்: தேர்கள் எப்போதும் இடப்பக்கமே திரும்பின. குதிரையைத் தேர்ந்தெடுத்ததும், ஓட்டி இடுப்பில் கடிவாள வாரைச் சுற்றிக்கொண்டதும், எதிரியைச் சபித்ததும்கூட அந்தத் திருப்பத்தை வைத்துத்தான்.

முதலில் களத்தை வரையுங்கள்

ஒரு ஏ4 தாளை அகலவாட்டில் வையுங்கள். 1 செ.மீ. என்றால் 20 மீட்டர் என்று கணக்கு. ஓடுகளத்தின் நீளம் சுமார் 580 மீட்டர், அகலம் சுமார் 80 மீட்டர். அதாவது தாளில் 29 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம். வலது முனையை அரைவட்டமாக வளையுங்கள். இடது முனையில் 12 சிறு கட்டங்கள் போடுங்கள். அவைதான் புறப்பாட்டுக் கூண்டுகள். ரோமானியர்கள் அவற்றைச் ‘சிறைகள்’ என்றே அழைத்தார்கள்.

இனி நடுச்சுவர். கூண்டுகளிலிருந்து ஏறத்தாழ 8 செ.மீ. தள்ளித் தொடங்கி, 17 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை இழுங்கள். நிஜத்தில் சுமார் 340 மீட்டர். அதன் இரு முனைகளிலும் மும்மூன்று கூம்புத் தூண்களைக் குறியுங்கள். இவைதான் மேட்டா என்ற திருப்புத்தூண்கள். பேரரசர் கிளாடியஸ் காலத்தில் பொன்முலாம் பூசிய வெண்கலத்தில் இவற்றை நிறுத்தினார்கள்.

தேர்கள் கூண்டிலிருந்து வந்து, நடுச்சுவரைத் தங்கள் இடக்கைப்பக்கம் வைத்துக்கொண்டு ஓடும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. பென்சிலால் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். மொத்தம் 7 சுற்று, ஏறத்தாழ 5 கிலோமீட்டர், 8 அல்லது 9 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு சுமார் 35 கி.மீ. வரும். திருப்பத்தில் மட்டுப்படுவதையும் சேர்த்த சராசரி இது என்பதால், நேர்ப்பாட்டையில் வேகம் இதைவிட மிக அதிகம்.

வரைந்த பிறகு அகலத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். கூண்டுகள் 80 மீட்டர் அகலம் முழுக்கப் பரவியிருக்கின்றன. ஆனால் நடுச்சுவருக்கு ஒரு பக்கத்தில் ஓட இருப்பதோ 35 மீட்டரைச் சற்றே தாண்டும். நான்கு குதிரைகள் பக்கம்பக்கமாக ஓடும் ஒரு தேருக்கு மூன்று, நான்கு மீட்டர் வேண்டும். பன்னிரண்டு தேர்களும் ஒரே வரிசையில் உரசாமல் போக அங்கே இடமே கிடையாது. அகலமான வாயிலிலிருந்து கிளம்பி ஒடுக்கமான பாதைக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் புக வேண்டும். பாதி விபத்துகளுக்கான காரணம் உங்கள் தாளிலேயே தெரிந்துவிடும்.

சுற்றுக்களை எண்ண நடுச்சுவரின் மேல் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஏழு மர முட்டைகள், கி.மு. 174இலேயே பேசப்படுபவை. ஏழு டால்ஃபின் சிலைகள், கி.மு. 33இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா வைத்தவை. ஒரு சுற்று முடிந்தால் ஒரு முட்டை, ஒரு டால்ஃபின். எந்தத் தரைச்சித்திரத்திலும் (மொசைக்) இந்த இரண்டையும் முதலில் தேடுங்கள். அவை கண்ணில் பட்டால் நீங்கள் பார்ப்பது சர்க்கஸ் களம்தான்.

தேர்

தேர் என்ற சொல்லே நம்மைத் தடுக்கிவிடும். திருவாரூர் ஆழித்தேரை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் ஒன்றும் விளங்காது. ரேக்ளா வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள், அதையும் இன்னும் மெலிதாக. சிறிய இரண்டு ஆரக்கால் சக்கரங்கள், ஓர் அச்சு, ஓர் ஏர்க்கால், முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் முன்தடுப்பு. சட்டம் மரம், மற்றதெல்லாம் தோல். இன்று மீட்டுருவாக்கிக் கட்டியவர்களின் தேர்கள் 25 முதல் 35 கிலோதான் இருக்கின்றன. ஓட்டி அதைவிட இரண்டு மடங்கு கனம்.

இந்த மெலிவுதான் வேகத்துக்கும் ஆபத்துக்கும் காரணம். கனமான வண்டி திருப்பத்தில் குதிரைகளை இழுத்துப் பிடிக்கும், இது பிடிக்காது. ஆனால் சக்கரக் குடம் கல்லில் இலேசாகத் தட்டினாலே துள்ளிக் கவிழும். திரைப்படங்களில் வரும் வெண்கலத் தகடு போர்த்திய பெருந்தேர்கள் ஊர்வலத்துக்கு உரியவை, ஓட்டத்துக்கு அல்ல. சக்கரத்தில் கத்தி பொருத்துவதும் பந்தயத்தில் கிடையாது. பந்தயத்தேர் எதுவும் முழுசாக மிஞ்சவில்லை என்பதால் புடைப்புச் சிற்பங்களையும் தரைச்சித்திரங்களையும் சிறு உருவங்களையும் வைத்துத்தான் எல்லாம் கணிக்கப்படுகிறது. தைபர் ஆற்றில் கிடைத்து இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் இரட்டைக்குதிரைத் தேரின் வெண்கல உருவம் அவற்றில் ஒன்று. கட்டுமானம் புரிய அது பெரிதும் உதவும்.

குதிரைகள்: இடது கோடியைப் பாருங்கள்

நான்கு குதிரைகளும் நுகத்தில் பூட்டப்பட்டவை என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நடுவில் உள்ள இரண்டு மட்டுமே நுகத்தில். இரு கோடிகளிலும் உள்ளவை வெறும் இழுவாரில் ஓடும். நுகம் தாங்காத இந்த வெளிக்குதிரைகளைக் கடிவாளத்தாலும் பழக்கத்தாலும் மட்டுமே கட்டுப்படுத்த முடியும்.

திருப்பத்தில் இடது கோடிக் குதிரை தூணுக்கு மிக அருகே, ஏறக்குறைய நின்ற இடத்தில் சுழல்வதைப் போல ஓட வேண்டும். வலது கோடிக் குதிரை அதே நேரத்தில் பெரிய வட்டம் ஓடி முடிக்க வேண்டும். இடது குதிரை மிரண்டு ஒதுங்கினால் தேர் வெளியே வீசப்படும், உள்ளே விழுந்த இடைவெளியில் எதிரி நுழைந்துவிடுவான். மிகவும் ஒட்டினால் சக்கரம் தூணடிக் கல்லில் மோதும். அதனால்தான் ரோமானியர்கள் மிகச் சிறந்த குதிரையை இடது கோடியில் கட்டினார்கள். கல்வெட்டில் ஒரே ஒரு குதிரையின் பெயர் பொறித்திருந்தால் அது பெரும்பாலும் இந்தக் குதிரைதான். நூறு வெற்றி பெற்ற குதிரைக்குத் தனிப் பட்டப்பெயரே இருந்தது.

குதிரைகள் ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, கப்படோசியா, சிசிலி எனப் பல நாட்டவை. பொதுவாக ஐந்து வயது நிறைந்த பிறகே களத்தில் விட்டார்கள். சிற்பங்களில் வாலைக் கவனியுங்கள்: சுருட்டி இறுகக் கட்டியிருக்கும். வால் மயிர் வாரில் சிக்கினால் அப்புறம் கடிவாளம் பேசாது.

ஓட்டியின் உடம்பில் என்ன இருந்தது

தலையில் தோல் தலைக்கவசம். மார்பிலிருந்து இடுப்புவரை வரிவரியாகச் சுற்றிய தோல்பட்டைகள், கால்களிலும் பட்டைகள். அணியின் நிறத்தில் குட்டைச் சட்டை: சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை. டொமிஷியன் பேரரசர் சேர்த்த ஊதாவும் பொன்னிறமும் நிலைக்கவில்லை. வலக்கையில் சாட்டை.

கடிவாள வார்கள் எல்லாம் இடுப்பைச் சுற்றி. கிரேக்க ஓட்டிகள் வாரைக் கையில்தான் பிடித்தார்கள். ரோமானியர்கள் இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். எட்டு நிமிடம் நான்கு குதிரைகளின் இழுப்பைக் கை மட்டும் தாங்காது. முழு உடம்பையும் பின்னால் சாய்த்தால் குதிரைகள் மட்டுப்படும், இடப்பக்கம் சாய்த்தால் திரும்பும். இடக்கை நுணுக்கமான திருத்தங்களுக்கு.

தேர் உடைந்தால் வார் அவிழாது. குதிரைகள் நிற்காமல் ஓடும், ஓட்டியும் கூடவே தரையில் இழுபடுவான். அதற்குத்தான் மார்புப் பட்டையில் செருகிய வளைந்த கத்தி. உள்வளைவில் கூர் இருப்பதால் வாரைக் கொக்கிபோல் மாட்டி ஒரே இழுப்பில் அறுக்கலாம். முதலில் கத்தி கைக்கு எட்ட வேண்டும், நினைவு தப்பாமல் இருக்க வேண்டும், எல்லா வார்களும் அறுபட வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் இழுபடுவது நிற்காது. அறுத்து விடுபட்டவனுக்கும் பின்னால் வரும் தேர்களின் குளம்படி காத்திருந்தது. தேர் ஓட்டியவர்களில் பெரும்பாலோர் அடிமைகள் அல்லது விடுதலை பெற்ற அடிமைகள், பலர் சிறுவர்கள். ஆரவாரத்தைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

மருத்துவம் எப்படி இருந்தது என்பதற்கு பிளினி ஒரு குறிப்புத் தருகிறார். சக்கரம் ஏறி நசுங்கியவர்களுக்கும் இழுபட்டவர்களுக்கும் காட்டுப்பன்றிச் சாணத்தைக் காயத்தில் பூசினார்கள். வசந்த காலத்தில் சேர்த்து உலர்த்தியது சிறந்தது. நீரோ அதன் சாம்பலைத் தண்ணீரில் கலந்து குடித்தானாம்.

புறப்பாடு

1. சீட்டுக் குலுக்கல். சுழலும் குடுவையிலிருந்து விழும் உருண்டையை வைத்து எந்த அணிக்கு எந்தக் கூண்டு என்று முடிவாகும்.
2. கூண்டுகள் நேர்வரிசையில் இல்லை, மெல்லிய வளைவில் இருக்கும். எந்தக் கூண்டிலிருந்து கிளம்பினாலும் முதல் தூணின் வலப்புறத்தை அடையும் தூரம் சமமாக இருக்க இந்த ஏற்பாடு.
3. பந்தயத்தை நடத்தும் அதிகாரி வெள்ளைத் துணி ஒன்றைக் கீழே போடுவார். முறுக்குக் கயிற்று விசையில் எல்லாக் கதவுகளும் ஒருசேரத் திறக்கும்.
4. தரையில் வரைந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டும்வரை ஒவ்வொரு தேரும் தன் தடத்திலேயே போக வேண்டும். தாண்டிய பிறகுதான் உட்பக்கத்துக்குப் பாயலாம்.

நீங்கள் வரைந்த தாளில் முதல் தூணுக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். அதற்கு முன்பு ஒழுங்கு, அதற்குப் பிறகு அடிதடி. தேர்களின் எண்ணிக்கை 4, 8 அல்லது 12, அதாவது அணிக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று. அணிக்கு ஒன்று ஓடும் பந்தயத்தில் திறமை நேரடியாகத் தெரியும். மூன்று ஓடினால் அது கூட்டு வேலை: ஒருவன் வெல்ல மற்ற இருவரும் எதிரியை மறிப்பார்கள்.

திருப்பத்தில் என்னென்ன தவறும்

ஒரு பந்தயத்தில் பதின்மூன்று திருப்பங்கள். உடைந்து சிதறுவதை ரோமானியர்கள் ‘நவ்ஃபிராகியும்’ என்றார்கள். கப்பல் உடைவதற்கான சொல் அது. சிதறிய பலகைகளையும் நடுவில் கிடக்கும் மனிதனையும் பார்த்தவர்களுக்கு வேறு சொல் தோன்றவில்லை போலும்.

நான்கு வழிகளில் இது நடந்தது. உட்பக்கத் தேரின் இடச்சக்கரக் குடம் தூணடியில் தட்டும். தேர் அந்த நொடியே நிற்கும், குதிரைகள் நிற்காது. இரண்டாவது, பக்கத்துத் தேர்களின் சக்கரங்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். முந்த முயல்பவன் வெளியிலிருந்து உள்ளே வெட்டும்போது இது நேரும். மூன்றாவது, வேகம் குறையாமல் திரும்பினால் இடச்சக்கரம் தரையை விட்டு எழும், தேர் வலப்பக்கம் கவிழும். ஓட்டி இடப்பக்கம் எட்டிச் சாய்ந்து நிற்பது இதைத் தடுக்கத்தான். நான்காவது, முன்னால் உடைந்து கிடப்பதன் மேலேயே பின்னால் வருபவன் ஏறுவது. திருப்பத்துக்கு அப்பால் என்ன கிடக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. களத்து ஆட்கள் குதிரைகளுக்குத் தண்ணீர் வீசவும் உடைசலை அகற்றவும் இதற்கு நடுவேதான் ஓடினார்கள்.

பிரான்சின் லியோன் நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ள 2ஆம் நூற்றாண்டுத் தரைச்சித்திரத்தின் படத்தைத் தேடி எடுத்து இந்த இடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். எட்டுத் தேர்கள், முட்டைகள், டால்ஃபின்கள், கவிழ்ந்த தேர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

கல்வெட்டுக் கணக்கைப் படிப்பது

அடுத்து, வெற்றிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் வெற்றியின் வகையைப் பாருங்கள். லூசிடானியாவை (இன்றைய போர்ச்சுகல் பகுதி) சேர்ந்த கையஸ் அப்புலெயஸ் டியோகிளெஸ் 24 ஆண்டுகள் ஓட்டினார். கி.பி. 122இல் வெள்ளை அணியில் தொடங்கி, பச்சைக்குப் போய், சிவப்பில் முடித்தார். 4,257 ஓட்டங்கள், 1,462 வெற்றிகள். அவற்றில் 815 ‘ஒக்குபாவித் எத் வீகித்’: முதலிலேயே இடம் பிடித்து வென்றது. 502 கடைசியில் பறித்து வென்றது. பின்தங்கியிருந்து ஏறி வந்து வென்றது 67 மட்டுமே.

உங்கள் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பாருங்கள். முதல் திருப்பத்துக்குள் உட்பக்கத்தைப் பிடித்தவன் குறைந்த தூரம் ஓடுகிறான், முன்னால் உடைசல் இல்லை, மற்றவர்களின் தூசி இல்லை. பாதிக்கு மேற்பட்ட வெற்றிகள் ஏன் அந்த வகை என்பது புரியும்.

அவருடைய பரிசுத்தொகை 3,58,63,120 செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்). அக்காலப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 1,200. 42 வயதில் உயிரோடு ஓய்வு பெற்றார். இவரை வைத்து மற்றவர்களை அளக்காதீர்கள். 13 வயதில் ஓட்டத் தொடங்கி 22 வயதில் இறந்த கிரெஸ்கென்ஸ் என்ற வட ஆப்பிரிக்க இளைஞனின் கல்வெட்டையும் கூடவே படியுங்கள். முதல் வெற்றி கி.பி. 115இல், அன்றைய 24ஆவது பந்தயத்தில். வழக்கமாக ஒரு நாளுக்கு 24 பந்தயங்கள்தான் என்பதால், நாள் முழுக்க மற்றவர்கள் உழுது போட்ட மணலில் கடைசியாக ஓடி வென்றிருக்கிறான். கிர்கியஸ், அக்கெப்டோர், டெலிகாட்டஸ், கோட்டினஸ் என்று நான்கு குதிரைகளின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். 686 ஓட்டம், 47 வெற்றி, 130 முறை இரண்டாமிடம், 111 முறை மூன்றாமிடம். கழித்துப் பாருங்கள்: 398 முறை இந்த மூன்று இடங்களில் எதுவும் இல்லை.

இளவயதில் இறந்தான் என்று கல்வெட்டில் கண்டவுடன் களத்தில் இறந்தான் என்று எழுதிவிடாதீர்கள். கிரெஸ்கென்ஸ் எப்படி இறந்தான் என்று அவன் கல்வெட்டில் இல்லை. ஸ்பெயினின் தர்ரகோனாவில் 22 வயதில் இறந்த யூட்டிகெஸ் என்ற ஓட்டியின் கல்லறைக் கவிதை, தனக்குக் களத்தில் சாகும் பேறுகூடக் கிடைக்காமல் நோயில் போனதாக வருந்துகிறது.

சாபத்தகடுகள்

மெல்லிய ஈயத்தகட்டில் எதிரணி ஓட்டியின் பெயரையும் குதிரைகளின் பெயர்களையும் எழுதிச் சுருட்டி, அகாலத்தில் இறந்தவர்களின் கல்லறைகளில் செருகினார்கள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கிடைத்தவை மிகத் தெளிவானவை. ஓட்டியின் கையைக் கட்டு, கண்ணை மறை, குதிரைகளின் காலைப் பிணை, கூண்டை விட்டு வெளியே வராமல் செய், தூணைச் சுற்ற முடியாமல் செய், ஓட்டியோடு சேர்ந்து விழச் செய் என்று வரிசையாகக் கேட்கின்றன. எழுதியவர் ஆத்திரத்தில் இருந்தாலும் விளையாட்டை நன்றாகத் தெரிந்தவர். கூண்டு, கடிவாளக் கை, திருப்புத்தூண் என ஓட்டம் எங்கெங்கே உடையுமோ அங்கெல்லாம் சாபம் வைத்திருக்கிறார்.

நேரில் பார்க்கப் போனால்

சர்க்கஸ் மாக்சிமஸ் இன்று ஒரு நீண்ட புல்வெளிப் பள்ளம். ஓடுகளம் மண்ணுக்குள் பல மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அளவை உணர நடந்து பாருங்கள்; அவென்டைன் பக்கம் போய்ப் பலட்டைன் பக்கம் திரும்புங்கள், தேர்கள் போன திசை அதுதான். நடுச்சுவரில் நின்ற இரண்டு எகிப்தியக் கல்தூண்களில் ஒன்று ரோமின் பியாட்சா டெல் போபோலோ சதுக்கத்திலும் மற்றது லாத்தரன் சதுக்கத்திலும் இருக்கின்றன. பியாட்சா நவோனாவைத் தேர்க்களம் என்று சொல்வதை நம்பாதீர்கள். அது டொமிஷியன் கட்டிய ஓட்டப்பந்தய அரங்கு.

கிரேக்கத்தின் ஒலிம்பியாவையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே நடுச்சுவர் கிடையாது, சுற்றுகள் 12, மகுடம் ஓட்டிக்கு அல்ல, குதிரைகளின் உரிமையாளருக்கு. ஸ்பார்ட்டாவின் இளவரசி கினிஸ்கா களத்தில் கால் வைக்காமலே கி.மு. 396இலும் 392இலும் வென்றது அப்படித்தான்.

ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் ரோமுக்கு வெளியே ஆப்பியன் சாலையில் உள்ள பேரரசர் மாக்சென்டியஸின் களத்துக்குப் போங்கள். கூண்டுகளின் இருபக்கக் கோபுரங்கள், நடுச்சுவரின் அடித்தளம், திருப்பங்கள் எல்லாம் அங்கே தெரியும். நடுச்சுவர் சற்றே சாய்வாகக் கட்டப்பட்டிருப்பதால் முதல் பாதையின் வாய் அகலமாக இருக்கிறது. கிளம்பும்போது ஏற்படும் நெருக்கடியைக் குறைக்கக் கட்டியவர்கள் செய்த ஏற்பாடு அது. கூண்டு இருந்த இடத்தில் நின்று, வலப்பக்கமாக நடந்து, தூரத்துத் திருப்புத்தூணின் அடித்தளத்தை இடக்கையால் தொடுகிற மாதிரி ஒட்டிச் சுற்றி வாருங்கள். சுற்றி முடிக்கும்வரை மறுபக்கப் பாதை கண்ணுக்குத் தெரிகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.